கருத்தடை மாத்திரை தொடங்கியாச்சா? முதல் ஏழு நாள் கவனம்!

"மாத்திரை வாங்கியாச்சு, இன்னிக்கு ராத்திரி ஒண்ணு போட்டாச்சு, இனிமே பயமில்லை." கருத்தடை மாத்திரையை முதன்முதலாகத் தொடங்கும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் மாத்திரை தலைவலித் தைலம் மாதிரி தடவியவுடன் வேலை செய்யும் பொருள் அல்ல. எந்த நாளில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து, பாதுகாப்பு அன்றே கிடைக்கலாம்; ஏழு நாள் கழித்தும் கிடைக்கலாம். இந்த ஒரு விவரம் தெரியாததால், மாத்திரை சாப்பிடத் தொடங்கிய மாதத்திலேயே கருத்தரிக்க வாய்ப்பு உண்டு.

அப்படி நடந்துவிட்டால் வீட்டில் வரும் கேள்விகள் நமக்குத் தெரியாததா? "மாத்திரை சாப்பிட்டேன்னு சொன்னியே, அப்புறம் எப்படி?" என்று பழி முழுவதும் பெண் மீதுதான் விழும். இல்லாவிட்டால், "அரசு மாத்திரை, அதான் வேலை செய்யலை" என்பார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுமே இல்லை. தொடங்கிய தேதியும், இடையில் விட்டுப்போன மாத்திரையும்தான் காரணமாக இருக்கும். இரண்டையும் நாம் கையில் வைத்துக்கொள்ள முடியும். எப்படி என்று பார்ப்போம்.

அட்டையில் என்ன இருக்கிறது?

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் மாத்திரை மாலா-என். அதே மருந்து குறைந்த விலையில் கடைகளில் மாலா-டி என்ற பெயரில் கிடைக்கிறது. ஓர் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 ஹார்மோன் மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மி.கி. உள்ளன. மீதி 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இவற்றின் நிறம் வேறாக இருக்கும்.

கர்ப்பத்தைத் தடுப்பது அந்த 21 மட்டும்தான். இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ரத்தசோகைக்கு உதவுவது. இன்னொன்று, தினமும் ஒரு மாத்திரை போடும் பழக்கம் அறுந்துபோகாமல் காப்பது. இந்த ஏழு நாட்களில்தான் பெரும்பாலும் மாதவிடாய் வரும்.

ஏன் ஏழு நாள்?

மாத்திரையின் முக்கிய வேலை, சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வராமல் தடுப்பது. அதோடு கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி, விந்தணு உள்ளே போவதையும் சிரமமாக்குகிறது. கருமுட்டை வெளிவராமல் நம்பகமாகத் தடுக்க, ஹார்மோன் மாத்திரையை விடாமல் ஏழு நாள் எடுத்திருக்க வேண்டும். ஏழு நாள் என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. கீழே இந்த எண் திரும்பத் திரும்ப வரும்; இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இதோடு இன்னொரு கணக்கும் உண்டு. வெளிவந்த கருமுட்டை சுமார் ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்க முடியும். அதாவது திங்கட்கிழமை நடந்த உறவுக்கு, வெள்ளிக்கிழமை வெளிவரும் கருமுட்டையால் கர்ப்பம் உண்டாகலாம். இடையில் புதன்கிழமை நீங்கள் முதல் மாத்திரையைப் போட்டிருந்தாலும், அது அந்த முட்டையைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

தேதியை வைத்து ஒரு கணக்கு

மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாள் என்று எண்ணுங்கள். லேசான கறையை விட்டுவிட்டு, நன்றாக உதிரம் தொடங்கிய நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

*முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்கினால்:* அன்றிலிருந்தே பாதுகாப்பு. கூடுதலாக எதுவும் தேவையில்லை. அந்த நாட்களில் கருமுட்டை வெளிவரும் நிலையில் இருக்காது. அது தயாராவதற்குள் மாத்திரைக்கு ஏழு நாள் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு, மாதவிடாய் 3-ம் தேதி தொடங்கியது என்றால் 3, 4, 5, 6, 7 ஆகிய ஐந்து தேதிகளில் எதில் தொடங்கினாலும் சரி.

*ஐந்து நாள் தாண்டித் தொடங்கினால்:* தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் ஏழு நாள் ஆணுறை பயன்படுத்த வேண்டும், அல்லது உறவைத் தவிர்க்க வேண்டும். அதே உதாரணத்தில் 10-ம் தேதி தொடங்கினால், 10 முதல் 16 வரை ஆணுறை. ஏழு மாத்திரையும் ஒழுங்காக எடுத்திருந்தால் 17-ம் தேதியிலிருந்து மாத்திரை மட்டும் போதும்.

மாதவிடாய் வழக்கமாகவே மிகக் குறைந்த நாள் இடைவெளியில் வருபவர்களுக்குக் கருமுட்டையும் சீக்கிரம் வெளிவரலாம். அவர்கள் எந்த நாளில் தொடங்கினாலும் முதல் ஏழு நாள் ஆணுறை பயன்படுத்துவது நல்லது. தேதி சரியாக நினைவில்லாதவர்களுக்கும் இதே யோசனைதான். சந்தேகம் இருந்தால் ஏழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருக்கலைப்பு அல்லது கருச்சிதைவுக்குப் பிறகு ஏழு நாட்களுக்குள் தொடங்கினால் உடனே பாதுகாப்பு உண்டு. அந்தரா ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறுபவர்கள், அடுத்த ஊசி போட வேண்டிய தேதிக்குள் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் இடைவெளி விழாது.

தொடங்கும் முன்பே கர்ப்பமா? ஆறு கேள்விகள்

முதல் மாதத்தில் தெரியவரும் கர்ப்பங்களில் சில, மாத்திரை தொடங்குவதற்கு முன்பே உண்டானவையாக இருக்கலாம். மாத்திரை ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தைக் கலைக்காது. அதனால் தொடங்கும் முன் இந்த ஆறு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுகாதார செவிலியர்களும் இவற்றைத்தான் கேட்பார்கள்.

1. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு உறவு எதுவும் இல்லையா?
2. வேறொரு நம்பகமான கருத்தடை முறையை இதுவரை தவறாமல் பயன்படுத்தி வந்தீர்களா?
3. மாதவிடாய் தொடங்கி ஏழு நாட்களுக்குள் இருக்கிறீர்களா?
4. குழந்தை பிறந்து நான்கு வாரத்துக்குள் இருக்கிறீர்களா?
5. கருக்கலைப்போ கருச்சிதைவோ ஆகி ஏழு நாட்களுக்குள் இருக்கிறீர்களா?
6. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, முழுக்கத் தாய்ப்பால்தான், மாதவிடாயும் திரும்ப வரவில்லை. இந்த மூன்றும் பொருந்துமா?

ஒன்றுக்காவது "ஆமாம்" என்ற பதில் வந்து, கர்ப்ப அறிகுறி எதுவும் இல்லை என்றால், நீங்கள் கர்ப்பமாக இல்லை என்று ஓரளவு உறுதியாக இருக்கலாம். இந்தக் கேள்விகள் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். குழந்தை பெற்றவர்கள் மாலா-என் எப்போது தொடங்கலாம் என்பது வேறு விஷயம். அது கீழே வருகிறது.

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால், செவிலியரிடம் கேட்டு நிஷ்சய் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே சிறுநீரில் செய்யும் பரிசோதனை இது. அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். ஒரு விஷயம்: நேற்று நடந்த உறவை இன்றைய பரிசோதனை காட்டாது. உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் செய்தால்தான் "இல்லை" என்ற முடிவை நம்பலாம். அதனால் சந்தேகத்தோடு மாத்திரையைத் தொடங்கியவர்கள், மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு நாள் முன்னாடி பாதுகாப்பில்லாம உறவு நடந்துச்சு, இப்போ மாத்திரை தொடங்கலாமா?"

தொடங்கலாம். ஆனால் தினசரி மாத்திரை, நடந்து முடிந்த உறவுக்குப் பாதுகாப்பு தராது. அதற்கென்று இருப்பது அவசரகால கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. உள்ள ஒரே மாத்திரை அது. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஐந்து நாட்களுக்குள் என்றால் அரசு மருத்துவமனையில் காப்பர்-டி பொருத்திக்கொள்வதும் ஒரு வழி. அவசரகால முறைகளில் அதிகப் பலன் தருவது அதுதான். பிறகு பல வருடங்களுக்குக் கருத்தடையாகவும் இருக்கும்.

அவசரகால மாத்திரை போட்டவர்கள் மாலா-என் மாத்திரையை உடனே தொடங்கலாம். ஆனால் ஏழு நாள் ஆணுறை கட்டாயம். மூன்று வாரம் கழித்துப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அவசரகால மாத்திரையை நம்பி இருப்பது வேண்டாம். தினசரி மாத்திரை அளவுக்கு அது பாதுகாப்பு தராது.

முதல் அட்டையில் கவிழ்க்கும் நான்கு விஷயங்கள்

மாத்திரையைத் தவறாமல் சரியாக எடுத்தால், 100 பெண்களில் ஒரு வருடத்தில் கருத்தரிப்பவர்கள் ஒருவர்கூட இல்லை எனலாம், கணக்கு 0.3. ஆனால் நடைமுறையில், மறதி, தாமதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அது 100-க்கு 7 ஆகிறது. மாத்திரை அதேதான். இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது நம் அன்றாட வாழ்க்கை: ஊர்த் திருவிழா, நைட் ஷிப்ட், குழந்தைக்குக் காய்ச்சல், அம்மா வீட்டுக்குப் போனபோது அட்டையை மறந்தது. அதனால் என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

*ஒன்று: இடையில் வரும் உதிரக்கறை.* முதல் மூன்று மாதங்களில் லேசான உதிரக்கறை, குமட்டல், மார்பு வலி, தலைவலி போன்றவை வரலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் பலர் கறையைப் பார்த்ததும் "இது எனக்கு ஒத்துக்கலை" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் பாதுகாப்பும் நின்றுபோகிறது. கறை வந்தால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. தொடருங்கள், அதிகமாக இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். குமட்டல் இருந்தால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை நாட்களில் மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

*இரண்டு: விட்டுப்போன மாத்திரை.*

ஹார்மோன் மாத்திரை ஒன்று விட்டுப்போச்சா? நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட வேண்டி வந்தாலும் பரவாயில்லை. ஆணுறை தேவையில்லை.

தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போச்சா? உடனே ஒன்று மட்டும் போடுங்கள். விட்டுப்போன மற்றவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதியை வரிசைப்படி தொடருங்கள். இனி தொடர்ந்து ஏழு ஹார்மோன் மாத்திரை முடியும்வரை ஆணுறை. அதோடு இதையும் பாருங்கள்:

• முதல் வாரத்தில் இரண்டு விட்டுப்போய், கடந்த ஐந்து நாட்களில் பாதுகாப்பில்லாத உறவும் நடந்திருந்தால், அவசரகால மாத்திரை பற்றி உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்.
• மூன்றாவது வாரத்தில் விட்டுப்போனால், அந்த அட்டையின் மீதி ஹார்மோன் மாத்திரைகளை முடித்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவிர்த்து, மறுநாளே புது அட்டையைத் தொடங்குங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை விட்டுப்போனால் கர்ப்ப ஆபத்து எதுவும் இல்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

*மூன்று: வாந்தி, வயிற்றுப்போக்கு.* மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், இன்னொன்று போடுங்கள். வாந்தியோ கடுமையான வயிற்றுப்போக்கோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், அந்த நாட்களின் மாத்திரைகள் விட்டுப்போனதாகவே கணக்கு வைத்து, மேலே சொன்னபடி செய்யுங்கள்.

*நான்கு: வேறு மருந்துகள்.* காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிடாயின், கார்பமாஸெபின், ஃபெனோபார்பிட்டல் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். எச்.ஐ.வி. மருந்துகள் சிலவும் அப்படித்தான். காசநோய் சிகிச்சை மாதக்கணக்கில் நடக்கும். அவ்வளவு நாளும் மாத்திரையை மட்டும் நம்பி இருக்க முடியாது. காப்பர்-டி, அந்தரா ஊசி போன்ற வேறு முறை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அதற்காகக் காசநோய் மருந்தையோ வலிப்பு மருந்தையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சளி, காய்ச்சலுக்குத் தரும் அமாக்ஸிசிலின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக்குகளால் இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது அட்டை: பலரும் கவனிக்காத இடம்

28 மாத்திரை முடிந்த மறுநாளே அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். மாதவிடாய் வந்ததா, நின்றதா, இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. முதல் அட்டையை மாதவிடாயைப் பார்த்துத் தொடங்கியதால், இரண்டாவதையும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். ஆபத்து அங்கேதான்.

ஏனென்றால் இரும்புச்சத்து மாத்திரை போடும் ஏழு நாளும் உடலுக்கு ஹார்மோன் கிடைப்பதில்லை. ஏழு நாள் வரை சமாளிக்கலாம். அது எட்டு, ஒன்பது, பத்து என்று நீண்டால் சினைப்பை மறுபடியும் கருமுட்டையைத் தயார் செய்யத் தொடங்கிவிடும். ஒரு மாதத்தில் எந்த நாளிலும் மாத்திரை விட்டுப்போகக் கூடாதுதான். ஆனால் புது அட்டையின் முதல் சில நாட்களில் விட்டுப்போவதுதான் அதிக ஆபத்து. அதனால் முதல் அட்டை முடியும் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை மாத்திரை: சாயா

அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு மாத்திரை சாயா. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் என்ற மருந்து இது. மாலா-என் மாத்திரையில் இருப்பது போன்ற ஹார்மோன்கள் இதில் இல்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இதைத் தொடங்கும் விதம் வேறு. மாதவிடாயின் முதல் நாளிலேயே முதல் மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. நான்காவது மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறும் புதனும். திங்கள் என்றால் திங்களும் வியாழனும். செவ்வாய் என்றால் செவ்வாயும் வெள்ளியும். நான்காவது மாதத்திலிருந்து, தொடங்கிய கிழமையில் மட்டும்.

"வாரத்துக்கு ஒண்ணுதானே" என்று முதல் மூன்று மாதத்திலேயே வாரம் ஒரு மாத்திரையாகக் குறைத்துவிடுவதுதான் இதில் நடக்கக்கூடிய பெரிய தவறு. மாத்திரை விட்டுப்போய் ஏழு நாளுக்குள் நினைவு வந்தால், உடனே போட்டுவிட்டு வழக்கப்படி தொடருங்கள். அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். ஏழு நாளுக்கு மேல் ஆகிவிட்டால், முதலிலிருந்து வாரம் இரண்டு என்று தொடங்க வேண்டும். முதல் நாளில் தொடங்க முடியாமல் போனவர்கள் செவிலியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாயா எடுக்கும் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போவது உண்டு. 15 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சினைப்பை நீர்க்கட்டி, சமீபத்தில் மஞ்சள் காமாலை, கல்லீரல், சிறுநீரக நோய், காசநோய் உள்ளவர்களுக்குச் சாயா ஏற்றதல்ல.

மாலா-என் யாருக்கு வேண்டாம்?

தோழி சொன்னார், கடையில் கிடைத்தது என்று தொடங்க வேண்டாம். ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்து, செவிலியரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். கீழே உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை பொருந்தாது:

• ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்கள்
• குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகாதவர்கள். தாய்ப்பால் கொடுக்காவிட்டாலும் இது பொருந்தும்
• ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள்
• 35 வயதுக்கு மேற்பட்டு, புகைப்பழக்கம் உள்ளவர்கள்
• ரத்தக்கட்டு, பக்கவாதம், இதய நோய் வந்தவர்கள்
• கண்ணில் மின்னல், வளைகோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள்
• மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள்
• உடல் உறுப்புகளைப் பாதித்த சர்க்கரை நோய் உள்ளவர்கள்

மாத்திரை எடுக்கும்போது கடுமையான வயிற்று வலி, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், தாங்க முடியாத தலைவலி, திடீர்ப் பார்வைக் கோளாறு, ஒரு காலில் மட்டும் கடுமையான வலி அல்லது வீக்கம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரம் என்றால் 108.

பீரியட்ஸ் வரலையே?

மாத்திரை எடுக்கும்போது உதிரப்போக்கு குறைவது இயல்பு. சில மாதம் வராமலும் போகலாம். எல்லா மாத்திரையையும் ஒழுங்காக எடுத்திருந்தால், ஒரு முறை வராததற்காகப் பயப்பட வேண்டாம். அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். மாத்திரை விட்டுப்போயிருந்தாலோ, தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டாலோ நிஷ்சய் பரிசோதனை செய்யுங்கள். லேசாக உதிரம் வந்தது என்பதால் மட்டும் கர்ப்பம் இல்லை என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம். தொடர்ந்து குமட்டல், உடல் சோர்வு இருந்தால் பரிசோதித்துவிடுவது நல்லது.

பரிசோதனையில் "ஆம்" என்று வந்தால்

முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். தெரியாமல் சில வாரம் சாப்பிட்டதால் குழந்தைக்கு ஊனம் வந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு வரும். கர்ப்பம் தெரியாமல் மாலா-என் எடுத்ததால் குழந்தைக்குப் பாதிப்பு வருவதாக அறியப்படவில்லை. அந்தப் பயத்தில் அவசர முடிவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கர்ப்பத்தைத் தொடர விரும்பினால், கிராம சுகாதார செவிலியரிடமோ பிக்மி இணையதளத்திலோ சீக்கிரம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும்.

தொடர விருப்பமில்லை என்றாலும் சட்டம் உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கருத்தடை முறை தோல்வியடைந்து உண்டான கர்ப்பத்தை, தகுதிபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தோடு 20 வாரம் வரை கலைக்கலாம். முன்பு "திருமணமான பெண்" என்று இருந்த வரி, இப்போது "எந்தப் பெண்ணும் அல்லது அவரது துணையும்" என்று மாறியிருக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. உங்கள் பெயரையும் விவரத்தையும் ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவரின் சட்டக் கடமை. மருந்துக் கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி நீங்களாகப் போடுவதோ, அனுமதியில்லாத இடங்களுக்குப் போவதோ உயிருக்கே ஆபத்து.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அந்த ஏழு நாள் ஆணுறை உங்கள் பொறுப்பு. "மாத்திரைதான் சாப்பிடுறியே" என்று தட்டிக்கழிப்பதுதான் பல வீடுகளில் கணக்கைத் தப்பாக்குகிறது. அரசு சுகாதார நிலையங்களில் ஆணுறையும் இலவசம். பால்வினை நோய்களிலிருந்தும் எச்.ஐ.வி.யிலிருந்தும் மாத்திரை காப்பாற்றாது, அதற்கு ஆணுறைதான்.

எங்கே கேட்கலாம்?

• உங்கள் ஊர் துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை
• உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர்
• 104 மருத்துவ உதவி எண்
• வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச இ-சஞ்சீவனி செயலி
• மாத்திரை எடுக்க விடாமல் வீட்டில் தடை, மிரட்டல் இருந்தால் 181 மகளிர் உதவி எண்

போனில் இப்பவே செய்யுங்க

1. கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.
2. மாத்திரை தொடங்கும் தேதியைக் குறியுங்கள். ஐந்து நாள் தாண்டியிருந்தால், ஏழு நாளுக்கு "ஆணுறை" என்று சேர்த்துக் குறியுங்கள்.
3. தினமும் ஒரே நேரத்தில் அலாரம் வையுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் பலருக்கு வசதி. ஷிப்ட் மாறும் வேலை என்றால், எந்த ஷிப்ட்டிலும் விழித்திருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று தயக்கமா? அலாரத்துக்கு "தண்ணி குடி" என்று பெயர் வைத்தாலும் வேலை நடக்கும்.
4. 21-வது நாளில் இன்னொரு அலாரம்: "அடுத்த அட்டை இருக்கா?"
5. விட்டுப்போன மாத்திரை பற்றிய பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன அன்று பதற்றத்தில் தேட வேண்டியிருக்காது.

கல்யாணம் நிச்சயமான தங்கைக்கோ, குழந்தை பெற்ற தோழிக்கோ இதை அனுப்புங்கள். அவர்களுக்கு மாத்திரை தொடங்கும் எண்ணம் இருந்தால், அடுத்த மாதவிடாய்க்கு முன்பே ஒரு முறை சுகாதார நிலையத்துக்குப் போய் அட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அட்டை தயாராக இருந்தால், முதல் ஐந்து நாளுக்குள் தொடங்குவது சுலபம்.